ஒத்தைக் கைப்பிடி

ஓட்டிக் காட்டறேங்க்கா. ஓட்டிக் காட்டாம யாராவது மெஷின் விப்பாங்களா? முதல்ல உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. டெம்போ வர ஒரு மணி நேரமாவது ஆகும்னு உங்க வீட்டுக்காரர் போன்லயே சொல்லிட்டாரே, அப்புறம் என்ன அவசரம்? டீ அடுப்புல இருக்கு. சர்க்கரை போடலாமில்ல?

மெதுவாப் பேசலாம். பாப்பா உள்ளே தூங்கறா. அமலி. இன்னும் பதினோரு நாள்ல ஒரு வயசு. எதையாவது பிடிச்சுக்கிட்டு எழுந்து நிக்கறா, பிடியை விட்டா உட்கார்ந்துடறா. அடி எடுத்து வெக்க இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ. அதுக்குள்ள நடைவண்டி பண்ணி முடிக்கணும். நடந்து பழகின பிறகு நடைவண்டி எதுக்கு, சொல்லுங்க.

நீங்க அஞ்சாவது ஆள். இதுக்கு முன்னாடி நாலு பேர் வந்தாங்க. விளம்பரம் ஒரு தடவை போட்டாப் போதும்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார். நான்தான் நாலஞ்சு தடவை போட்டேன். நாலு பேர் கண்ணுல படணுமில்ல? ‘நேரில் வந்து பார்க்கவும், போனில் விலை பேச வேண்டாம்’னு கீழே ஒரு வரியும் சேர்த்தேன். மெஷின் விஷயமெல்லாம் போன்ல புரியாதுக்கா. வந்தவங்க யாரும் டீகூடக் குடிக்கலை. மரக் கடைசல் மெஷினைச் சுத்திச் சுத்தி வந்தாங்க, குனிஞ்சு பார்த்தாங்க, ‘ஓட்டிக் காட்டுங்க’ன்னாங்க. பாப்பா தூங்கறான்னேன், கரண்ட் இல்லைன்னேன். ஒருத்தர் ஃபேனைப் பார்த்தார். அது சுத்திக்கிட்டிருந்தது. மோட்டார் போன மெஷினைத் தலையில கட்டப் பார்க்கறாங்கன்னு வாசல்ல நின்னு போன்ல யார்கிட்டயோ சொல்லிட்டே போனார்.

மோட்டார் போகலைக்கா. மோட்டார் புதுசு மாதிரி இருக்கும். ஏன் தெரியுமா? இந்த வீட்டுக்கு வந்ததிலேர்ந்து இந்த மெஷின் ஒரு சுத்துகூடச் சுத்தலை.

ஆமா. ஒரு சுத்துகூட.

இருங்க, டீ பொங்குது.

உப்புப் பிஸ்கட் இருக்கு, எடுத்துக்கங்க. எங்க வீட்டுக்காரர் பேர் சகாயராஜ். இங்கே ஒரு பம்ப் கம்பெனியில டர்னரா இருந்தார். இரும்பு கடையறவர். மரத்தைக் கடைஞ்சு பார்க்கணும்னு ரொம்ப நாளா ஒரு ஆசை. எனக்கு ஏழாம் மாசம் நடக்கறப்ப, குறிச்சிப் பக்கம் ஒரு கட்டில் கடையை மூடறாங்கன்னு கேள்விப்பட்டு இதை வாங்கிட்டு வந்தார். கார் ஷெட்டுல இறக்கி வெச்சுட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பார்த்தா வெறும் உடம்புதான். தலைப் பக்கம் இருக்கு, வால் பக்கம் இருக்கு, நடுவுல தண்டவாளம் இருக்கு. உளியைச் சாத்திப் பிடிக்கறதுக்கு முட்டு இல்ல. கட்டையைத் திருகி மாட்டறதுக்குத் தட்டு இல்ல. மேலே மூடி இல்ல. “எல்லாத்தையும் நாமளே இரும்புல பண்ணிக்கலாம் பெனி, கடையில வாங்கறதைவிட உறுதியா இருக்கும்”னார். பெனின்னா நான்தான். பெனிட்டா.

வேப்பங்கட்டையில மூணு வட்டம் அறுத்தார். நடைவண்டிக்கு மூணு சக்கரம். பென்சில்ல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டார். அதோட ஜூன் மாசம் மஸ்கட் விசா வந்துடுச்சு. பாப்பாவுக்கு அப்ப அஞ்சு மாசம். ஏர்போர்ட்ல வெச்சு, “நான் வர்றதுக்குள்ள நீயே வண்டி பண்ணிடுவபோல”ன்னு சிரிச்சார். சும்மா சொன்ன பேச்சுதான். நான் அதைப் பிடிச்சுக்கிட்டேன்.

கடையில வாங்கலாமேன்னு கேட்கறீங்க. எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. எல்லாரும்னா அவர்தான், போன்ல. வேற யார் கேட்கறதுக்கு இருக்கா?

அம்மா இருக்காங்க. திண்டுக்கல்ல. நாங்க ரெண்டு பேரும் நாங்களாவே கல்யாணம் பண்ணிக்கிட்ட நாள்லேர்ந்து என் நம்பரை எடுக்கறதில்லை. மேல் வீடு ஓனருது. அவங்க பையன்கிட்டப் போயிட்டாங்க, பூட்டிக் கிடக்கு. பக்கத்து வீட்டுல நாலு பசங்க. எல்லாம் ஷிஃப்ட் வேலை. பகல்ல தூங்குவாங்க, இல்லாட்டி இருக்கவே மாட்டாங்க. எனக்கு ஒண்ணும் பயமில்லக்கா. கேஸைத் தினம் மூணு தடவை பார்ப்பேன். ஸ்விட்ச்சு பதினாலு இருக்கு, பதினாலையும் தொட்டுப் பார்ப்பேன். கான்வென்ட்ல தையல் வகுப்பு எடுத்த சிஸ்டர் லுமினா, வகுப்பு முடிஞ்சதும் ஊசியை எண்ணுவாங்க. ஒரு ஊசி குறைஞ்சாலும் முப்பத்தெட்டுப் பேரும் தரையில தவழ்ந்து தேடணும், கிடைக்கற வரைக்கும் சோறு கிடையாது. அந்தப் பழக்கம் விடலை. அதைப் போய்ப் பயம்னு சொல்ல முடியுமா?

சரி, விஷயத்துக்கு வரேன். எல்லாம் பார்த்தீங்களா, அதோ மெஷின்லயும் ஆணியிலயும் மாட்டியிருக்கே? அத்தனையும் நான் பண்ணினது. நிஜமா. முதல்ல பண்ணினது இந்த முட்டு. டூல் ரெஸ்ட்டுன்னு சொல்வாங்க. மரம் சுத்தறப்ப உளியை வெறும் கையில பிடிச்சா கையோட பிடுங்கிட்டுப் போயிடும். இதுமேல சாத்திப் பிடிக்கணும். அவர் மஸ்கட்லேர்ந்து பேப்பர்ல படம் போட்டு அனுப்பினார். படத்தை எடுத்துக்கிட்டு, பாப்பாவை இடுப்புல வெச்சுக்கிட்டு, தெருக்கோடியில இருந்த கிரில் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரர் மயில்சாமி அண்ணன். அவர் சம்சாரம் சரசு அக்காவும் கூடவே இருந்து பெயின்ட் அடிப்பாங்க. என்னைப் பார்த்துட்டு அண்ணன் சொன்னார், “ஏஞ் சாமி, ஜன்னலுக்குக் கிரில் கேட்டு வருவாங்க, மாடிப்படிக்குக் கம்பி கேட்டு வருவாங்க. உளிக்கு முட்டுக் கேட்டு வந்த மொத ஆளு நீதானுங் அம்மிணி.”

“நீங்க பண்ணித் தர வேண்டாம்ண்ணா. நானே பண்ணிக்கறேன். எப்படின்னு மட்டும் காட்டுங்க”ன்னேன்.

அவர் சரசு அக்காவைப் பார்த்தார். அக்கா பிரஷ்ஷைக் கீழே வெச்சுட்டு, கையை மண்ணெண்ணெய்ல கழுவி, சோப்புப் போட்டுக் கழுவி, மோந்து பார்த்துட்டு, “கொழந்தைய இக்கட்ட குடு கண்ணு”ன்னாங்க. அவ்வளவுதான். வாங்கிக்கிட்டாங்க. அமலி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. “பாரு, மொறைக்கறதைப் பாரு! எங்க மாமியாளாட்டமே இருக்குது மொகரை!”ன்னாங்க. அண்ணனுக்குக் கோபம். “எங்கம்மாளை எதுக்குடி இழுக்கற?”ன்னார். அமலி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிச்சா.

நான் வெல்டிங் பிடிச்சேன். முதல் நாள் போட்டதை அண்ணன் பார்த்துட்டு, “கோழி எச்சம் போட்டாப்ல இருக்குது”ன்னார். ரெண்டாவது நாள், “இன்னிக்குக் கோழிக்கு ஒடம்பு பரவால்ல”ன்னார். ஒரு வாரம் கழிச்சு ஒண்ணும் சொல்லலை, கம்பியால தட்டிப் பார்த்துட்டு நகர்ந்து போயிட்டார். அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அமலிகிட்டப் பேசிக்கிட்டே வந்தேன்.

இந்தக் கைப்பிடி இருக்கே, இதைக் கொஞ்சம் கவனிங்கக்கா. டூல் ரெஸ்ட்டை முன்னே பின்னே நகர்த்தணும்னா சாதாரணமா ஒரு நட்டைத் தளர்த்தணும். அதுக்கு ஸ்பேனர் வேணும். நான் நட்டுமேலேயே ஒரு கம்பியை வளைச்சு வெல்டு வெச்சுட்டேன். இப்படித் தட்டினா விட்டுடும், இப்படித் தட்டினாப் பிடிச்சுக்கும். “நட்டுப் போட்டு முடுக்கினாப் போதாதா அம்மிணி? இதெதுக்கு வேலை கெட்ட வேலை?”ன்னு கேட்டார் அண்ணன். ஸ்பேனர் பிடிக்கறதுக்கு ரெண்டு கை வேணும், எனக்கு இருக்கறது ஒரு கைதான்னு சொன்னேன். “இன்னொண்ணு எங்க போச்சு?”ன்னார். “அதுல அமலி இருப்பா”ன்னேன். பட்டறையே சிரிச்சது. சரசு அக்காதான் சிரிக்கலை. “ஏன் கண்ணு, ஊட்ல வேற ஆருமே இல்லையா?”ன்னு கேட்டாங்க. இருக்காங்கக்கான்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியலை.

முட்டோட தண்டு கொஞ்சம் நீளமாப் போச்சு, பார்த்தீங்களா? ஒரு சாண் வெட்டணும். அப்புறம் வெட்டிக்கலாம்னு விட்டேன்.

அடுத்தது தட்டு. ஃபேஸ்பிளேட். கட்டையை இதுலதான் திருகாணி போட்டு மாட்டணும். இது துளி கோணினாலும் கட்டை தலையை ஆட்டும். அதனால மூணு தடவை பண்ணினேன். ரெண்டாவதே சரியாத்தான் இருந்ததுன்னு அண்ணன் சொன்னார். எனக்குத்தான் ஒரு அரை நூல் ஆட்டம் தெரிஞ்சது. பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சிருக்கேன்க்கா, எனக்கு ஆட்டம் தெரியாதா? அப்புறம் பெல்ட்டுக்குத் தகரத்துல மூடி. அப்புறம் இந்தக் கால் பெடல், தையல் மெஷின் பெடல் மாதிரி. காலை வெச்சாத்தான் ஓடும், எடுத்தா நின்னுடும். பாப்பா அழுதா நான் ஓடணுமில்ல? ஸ்விட்ச்சைத் தேடிக்கிட்டு நிக்க முடியுமா? அப்புறம் மூணு சின்னச் சக்கரம் வெச்ச இந்த வளையம். நீளமான கட்டை மாட்டினா நடுவுல துள்ளாமப் பிடிச்சுக்கும். நடைவண்டிக்கு எதுக்கு இவ்வளவு நீளக் கட்டைன்னு அவர் போன்ல கேட்டார். தேவையில்லைதான். பின்னால தேவைப்படலாமில்ல?

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். தினமும் பத்து மணிக்குப் போவேன், ஒரு மணிக்கு வருவேன். இழுத்துக்கிட்டே போனேன்னு நினைக்காதீங்க. இரும்பு வேலைன்னா அப்படித்தான், நேரம் பிடிக்கும். அமலி அந்தப் பட்டறையிலதான் குப்புற விழுந்தா. உட்கார்ந்தா. முதல் பல்லை சரசு அக்காதான் பார்த்தாங்க. ஒரு சாயங்காலம் வீட்டுல அழுதப்ப, “சச்ச, சச்ச”ன்னு சரசு அக்காவைக் கேட்டு வாசலைப் பார்த்துக் கையை நீட்டினா. எனக்குக் கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்தது. ஆனா நானும் அன்னிக்கு வாசலைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் இடத்துக்காரர் இடத்தை வித்துட்டார். பட்டறையைக் கிணத்துக்கடவுக்கு மாத்திட்டாங்க. லாரியில ஏத்தறப்ப, மிச்சம் கிடந்த ரெண்டு பழைய கிரில் சட்டத்தையும் கொஞ்சம் கம்பியையும் அண்ணன் என் வாசல்ல இறக்கி வெச்சுட்டுப் போனார். பழைய வெல்டிங் மெஷினையும். “வெச்சுக்க அம்மிணி, எனக்குப் புதுசு இருக்குது”ன்னார். சரசு அக்கா அமலி கன்னத்துல பெயின்ட் கையோட கொஞ்சிட்டு, “ஒரே பஸ்ஸுதான் கண்ணு, ஏறுனா எறங்கறதுதான். வந்துட்டுப் போ”ன்னாங்க.

போகலைக்கா. வேலை இல்லாம எப்படிப் போறது? கையில ஒரு இரும்புத் துண்டுகூட இல்லாமப் போய் நின்னா, என்ன விஷயம்னு கேட்பாங்கல்ல? என்னன்னு சொல்றது?

எல்லாம் ரெடி. முட்டு ரெடி, தட்டு ரெடி, மூடி ரெடி. ஒண்ணாம் நம்பர் சக்கரக் கட்டையைத் தட்டுல திருகிக்கூட மாட்டிட்டேன். காலை வெச்சு அழுத்தினா ஓடும். ஆனா அதுக்குள்ள அமலி தவழ ஆரம்பிச்சுட்டா. தூங்கறப்ப ஓட்டலாமேன்னு அவர் கேட்டார். சத்தத்துல எழுந்துட்டா? எழுந்து சத்தமில்லாமத் தவழ்ந்து வந்து என் பின்னால நின்னா? கட்டை பிச்சுக்கிட்டுப் பறந்தா? நான் மரத்தைப் பார்ப்பேனா, கதவைப் பார்ப்பேனா? தூளியிலேர்ந்து அவ கால் தொங்கறதையே உள்ளே வந்து பத்துத் தடவை பார்த்தாத்தான் எனக்கு நிம்மதி.

அதனால ஒரு தடுப்புப் பண்ணலாம்னு முடிவு பண்ணினேன். அண்ணன் போட்டுட்டுப் போன சட்டம் ரெண்டையும் சேர்த்து, மெஷினைச் சுத்தி நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு அடைப்பு. உள்ளே நானும் மெஷினும். வெளியே பாயில அமலி. அவளுக்கு நான் தெரிவேன், எனக்கு அவ தெரிவா. அவ தூங்கற நேரத்துல பத்துப் பதினைஞ்சு வெல்டுப் பத்தா வெச்சு வெச்சு மூணு வாரத்துல முடிச்சேன். அதோ, அதுதான்.

கம்பிக்குக் கம்பி எவ்வளவு இடைவெளி விடறதுன்னு கேட்கறதுக்கு ஆள் இல்லை. அண்ணனுக்குப் போன் பண்ணியிருக்கலாம். இதுக்கெல்லாமா போன் பண்றதுன்னு இருந்தது. வீட்டு ஜன்னல் கம்பியை அளந்தேன். அஞ்சு இன்ச். அதையே வெச்சேன். ஜன்னல் வழியாத் திருடன் உள்ளே வர முடியாதுன்னா, குழந்தை எப்படிப் போகும்? நீங்களே சொல்லுங்க, யாரா இருந்தாலும் அப்படித்தானே நினைப்பாங்க?

நவம்பர் மாசம். வியாழக்கிழமை, பதினோரு மணி, நல்ல மழை. அமலி பாயில கரண்டியை வெச்சுத் தட்டிக்கிட்டு இருக்கா. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, அவரோட பழைய ஹெல்மெட் கண்ணாடியை முகத்துக்கு இறக்கி, உளியை எடுத்து, காலைப் பெடல் மேல கொண்டு போறேன். கடைசியா ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறேன். பாயில அவ இல்லை.

தடுப்புக் கம்பியைப் பிடிச்சு எழுந்து நிக்கறா, தலை கம்பிக்கு உள்ளே இருந்தது. என்னைப் பார்த்துச் சிரிச்சா. காது ரெண்டும் மடங்கி உள்ளே வந்துடுச்சு. சிரிச்சுட்டுப் பின்னால இழுத்தா, வரலை. காது தட்டுது. இன்னொரு தடவை இழுத்தா. அப்புறம்தான் அழ ஆரம்பிச்சா.

தேங்காயெண்ணெய் தடவியிருக்கலாம்னு சொல்வீங்க. எனக்கும் அப்பவே தோணிச்சு. எண்ணெய் அடுப்படியில இருக்கு. நான் கையை எடுத்தா அவ முட்டி மடங்கும். மடங்கினாக் கழுத்துல தொங்குவா. கம்பிக்கு நடுவுல கையை விட்டு அவ நெஞ்சைத் தாங்கிக்கிட்டே நிக்கறேன். கத்தினேன். மேல் வீடு பூட்டு. பசங்க ஷிஃப்ட். மழை தகரத்துல அடிக்கிற அடியில நான் கத்தறது எனக்கே கேட்கலை. போன் வீட்டுக்குள்ள சாப்பாட்டு மேஜையில இருக்கு, கதவு வழியா நல்லாத் தெரியுது, அவர் கூப்பிடற நேரம், வெளிச்சம் வந்து வந்து போகுது.

ஒரு கை அவமேல. இன்னொரு கையைப் பின்னால நீட்டினா மெஷின் எட்டுது. டூல் ரெஸ்ட் எட்டுது. தட்டினேன்க்கா. ஒரே தட்டு, கைப்பிடி விட்டுக் கொடுத்துடுச்சு. நட்டா இருந்திருந்தா ஸ்பேனருக்கு எங்கே போவேன்? அதை உருவி எடுத்து, அந்த வெட்டாம விட்ட தண்டை அவ தலைக்கு மேலே ரெண்டு கம்பிக்கும் குறுக்கே கொடுத்து நெம்பினேன். அருள் நிறைந்த மரியேன்னு ஆரம்பிச்சா பாதியில மறந்து போகுது, திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கறேன். எத்தனை தடவைன்னு தெரியலை. கம்பி கொஞ்சம் வளைஞ்சது. போதலை. இன்னும் நெம்பினேன். டக்னு ஒரு சத்தம். கம்பி அடியில வெல்டு விட்டுடுச்சு. என் வெல்டு. அமலி எழுந்துடுவாளோன்னு அவசரத்துல வெச்ச கோழி எச்சம். என் கை வேலையில மோசமானது அந்த ஒண்ணுதான், அதுதான் அவளை விட்டுச்சு.

காதுக்குப் பின்னால சிவந்து போயிருந்தது. வேற ஒண்ணுமில்லை. கால் மணி நேரத்துல பால் குடிச்சுட்டுத் தூங்கிட்டா. நான்தான் அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

இதை யார்கிட்டயும் சொன்னதில்லைக்கா. அவர்கிட்டயும் சொல்லலை. மறுநாள் வீடியோல பேசறப்ப அவரே பார்த்துட்டார். “அதென்ன பெனி, கம்பி வளைஞ்சிருக்கு?”ன்னார்.

“மெஷின்ல மாட்டின கட்டை பிச்சுக்கிட்டு வந்து அடிச்சுடுச்சு”ன்னேன்.

வாயில தானா வந்துடுச்சு. பின்னே என்ன சொல்றது? பிள்ளையைத் தனியா வெச்சுக்கிட்டு ஒரு கம்பி இடைவெளிகூட அளக்கத் தெரியலைன்னா சொல்றது? அம்மா காதுக்கு எப்படியாவது போயிடும், அவங்களுக்கு வேற என்ன வேணும்? அவர் முகம் வெளுத்துப் போச்சு. அப்புறம், “மெஷினே வேண்டாம். வித்துடு. நாளைக்கே விளம்பரம் போடு. தப்பு என்மேலதான், நான் வாங்கியிருக்கக் கூடாது”ன்னார். தப்பு அவர்மேல இல்லைன்னு சொல்ல அப்ப ஒரு நிமிஷம் இருந்தது. சொல்லலை. அதுக்கப்புறம் தினமும் கேட்கறார், வித்தாச்சா, வித்தாச்சான்னு.

பாவம்க்கா இந்த மெஷின். சுத்தவே இல்லை, அதுமேல போய்ப் பழியைப் போட்டேன்.

இல்லை, அழலை. டீ ஆறிடுச்சு, சூடு பண்ணித் தரட்டுமா? வேண்டாமா?

அதோ, எழுந்துட்டா. இருங்க, தூக்கிட்டு வரேன்.

இவதான் அமலி. அத்தை பாரு. அத்தை வந்திருக்காங்க பாரு. யார்கிட்டயும் போக மாட்டாக்கா, அந்த நாலு பேரைப் பார்த்தும் என் தோள்ல முகத்தைப் புதைச்சுக்கிட்டா. நான் மட்டும் அவங்ககிட்டக் கொடுத்துடுவேனா என்ன? அட, என்ன இது, கையை நீட்டறா? உங்க வளையலுக்குத்தான். கழட்டாதீங்க, வாயில வெச்சுடுவா. இல்லக்கா, நீங்க வாங்கிக்கலாம். உங்களுக்குச் சிரமமில்லைன்னா. ரெண்டு பிள்ளை வளர்த்தவங்கன்னு போன்லயே சொன்னீங்களே.

பார்த்தீங்களா. உட்கார்ந்துட்டா. சச்சங்கறா, கேட்டீங்களா? மூணு மாசமா அதைச் சொல்லலை. யாரைப் பார்த்தும் சொல்லலை.

அக்கா. ஓட்டிக் காட்டச் சொன்னீங்கல்ல?

நீங்க அப்படியே அந்த ஜன்னல் பக்கம் தள்ளி உட்காருங்க, அவ்வளவு தூரம் இருந்தாப் போதும், தூசி வராது. அவ கையைக் காலை ஆட்டுவா, பயந்துக்காதீங்க. நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கறேன். இது போட்டா நான் யாருன்னு தெரியாம முழிப்பா, கொஞ்சம் விளையாட்டுக் காட்டுங்க. ஒண்ணாம் நம்பர் கட்டை மாட்டியே இருக்கு. கையால சுத்திப் பார்க்கறேன். முட்டுல இடிக்கலை. திருகாணி நாலு. நாலும் இருக்கு.

ஹார்ன் சத்தம் கேட்குது. உங்க டெம்போவா? தெரு முனையில திரும்புது, இல்ல? வரட்டும். கொண்டுபோங்கக்கா, நான் தடுக்கலை, வார்த்தை வார்த்தைதான். இந்த முட்டு, தட்டு, மூடி எல்லாத்தையும் சேர்த்தே எடுத்துக்கங்க, மெஷின் இல்லாம எனக்கு அது எதுக்கு? அந்தக் கைப்பிடியை மட்டும் உங்க வீட்டுக்காரர் மாத்திடாமப் பார்த்துக்கங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட ராத்திரி நானே போன்ல சொல்லிடறேன், கட்டை ஒண்ணும் பறக்கலைன்னு, கம்பி என்னாலதான் வளைஞ்சதுன்னு. ஆனா இப்ப டெம்போக்காரரை வாசல்ல கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க. மூணு சக்கரம்தான். ஒண்ணுக்குப் பத்து நிமிஷம். அரை மணி நேரம் நிப்பாரில்ல? நிக்கலைன்னா ஒரு சக்கரமாவது.

நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். அவ கத்தினா மட்டும் சொல்லுங்க. இல்லாட்டி ஒண்ணும் சொல்ல வேண்டாம். வெச்சிருக்கீங்கல்ல? இறுக்கிப் பிடிக்க வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. சும்மா வெச்சிருந்தாப் போதும்.

சரி. காலை வெக்கறேன்.